மேசையில் யார் சொல் செல்லும்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்புச் சண்டையும் சிங்கப்பூர்த் தமிழரும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: நீங்கள் எந்தப் பதிப்பு? 1974 முதல் 2024 வரை இந்த விளையாட்டின் விதிநூல் பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய நூலைக் கைவிட மறுத்த கூட்டம் ஒரு பக்கமும், புதிய நூலுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்த கூட்டம் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. அமெரிக்காவில் பிறந்த இந்தச் சண்டை நூல்களோடு சேர்ந்து சிங்கப்பூருக்கும் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேலையற்றவர்களின் வாய்ச்சண்டையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கூட்டுக் கற்பனையில் யாருடைய சொல் செல்லும் என்பதைப் பற்றி இத்தனை பேர் இத்தனை காலம் விடாமல் வாதாடியிருப்பது அரிது. அதன் பயன் இன்று நம் வாசல்வரை வந்திருக்கிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மனிதர்களையும் அரக்கர்களையும் அவரே பேசி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்ல, நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். வென்றவர் தோற்றவர் கிடையாது. ஒரு கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். பகடையில் விழுந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது என்பதைச் சொல்வதுதான் விதிநூலின் வேலை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் நூல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதிகள். அது அரைகுறை நூல். சண்டை விதிகளுக்கு 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு நூல் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் விற்ற பலகையை வாங்கச் சொன்னது. விட்டுப்போன இடங்களையெல்லாம் ஆடியவர்களே நிரப்பிக்கொண்டார்கள். ஆகவே ‘அசல் ஆட்டம்’ என்று இன்று சிலர் கைகாட்டும் 1974-இலேயே, ஊருக்கு ஊர் வேறு ஆட்டம்தான் நடந்துகொண்டிருந்தது.

தமிழருக்கு இது புதிதும் அல்ல. பல்லாங்குழிக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதிநூல் எதுவும் இல்லை. குழிக்கு எத்தனை முத்து, பசு யாருக்கு, காலிக் குழிக்கு அடுத்ததை அள்ளலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். வீட்டுப் பாட்டி சொன்னதே விதி. அதற்கு உறவான சொங்காக்கை மலாய்க் குடும்பங்கள் ஆடும்போதும் அப்படித்தான். டி அண்ட் டி அப்படி நீடிக்கவில்லை. அதற்கு உரிமையாளர் இருந்தார், அச்சகம் இருந்தது, உரிமத்தொகை இருந்தது. அங்கேதான் பதிப்பு என்ற சிக்கல் பிறந்தது.

1977 முதல் 1979 வரை டி.எஸ்.ஆர். நிறுவனம் ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு மூன்று கனத்த நூல்களைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கென்று பேசிக் பெட்டி தனியாக விற்றது. அட்வான்ஸ்டு நூல்களில் கைகாக்ஸின் பெயர் மட்டும் இருந்தது. ஆர்னசனுக்கு அவற்றில் பங்கு தரப்படவில்லை. அவர் 1979-இல் வழக்குத் தொடுத்தார். 1981-இல் சமரசம் ஆனது. பேசிக்கும் அட்வான்ஸ்டும் வெவ்வேறு விளையாட்டுகள் என்று நிறுவனம் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பின்னால் இந்தப் பணக்கணக்கும் இருந்தது என்பது என் கணிப்பு. பேசிக் உயர்ந்ததா அட்வான்ஸ்டு உயர்ந்ததா என்று பின்னால் பல்லாண்டு வாதாடிய இளைஞர்களில் பலருக்கு, தாங்கள் காக்கும் எல்லைக்கோட்டின் ஒரு முனை நீதிமன்றத்தில் இருந்தது தெரியாது.

வாள் வீசும் ஒரே ஒரு விதியைக் கூர்ந்து பார்த்தால் போதும், சண்டையின் உட்பொருள் புரிந்துவிடும்.

1979-இன் அட்வான்ஸ்டு நூலில், எதிராளியின் கவசத்தை ஊடுருவப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்று காட்டும் அட்டவணைகள் டன்ஜன் மாஸ்டரின் நூலில் இருந்தன. ஆட்டக்காரருக்கென்று விற்ற நூலில் அவை இல்லை. வாள் வீசுபவன் பகடையை உருட்டி எண்ணைச் சொல்வான். டி.எம். தடுப்புப் பலகைக்குப் பின்னால் அட்டவணையைப் பார்த்துப் பட்டதா படவில்லையா என்று தீர்ப்புச் சொல்வார். டி.எம். நூலை ஆட்டக்காரர்கள் படிக்கவே கூடாது என்பது கைகாக்ஸின் கட்சி. அறிவு ஒருவர் கையில், தீர்ப்பும் அவர் கையில்.

1989-இல் இரண்டாம் பதிப்பு. முந்தைய ஆண்டுகளிலேயே புழங்கத் தொடங்கிவிட்ட தாக்கோ என்ற எண் இப்போது மைய விதி ஆயிற்று. கவசம் இல்லாதவனுக்குக் கவச எண் 10. கவசம் வலுக்க வலுக்க எண் குறையும், பூச்சியத்தைத் தாண்டி எதிர்ம எண்ணுக்கும் போகும். உங்கள் வீரனின் தாக்கோ 17, எதிராளியின் கவச எண் 4 என்றால், 17-இல் 4 போக 13. பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். இப்போது எண் ஆட்டக்காரரின் தாளிலேயே இருக்கிறது. எதிராளியின் கவசத்தை ஊகித்துவிட்டால் தீர்ப்பை அவரே கணித்துவிடலாம்.

2000-இல் மூன்றாம் பதிப்பு கழித்தலைக் கூட்டலாக மாற்றியது. அதே வீரனுக்குத் தாக்கும் மதிப்பு +3. அதே எதிராளியின் கவச எண் 16. பகடையில் விழுந்ததோடு 3-ஐக் கூட்டி 16 வந்தால் அடி படும். அதாவது 13 விழ வேண்டும். மறுபடியும் அதே 13. இருபது முகங்களில் எட்டு முகங்கள், 40 விழுக்காடு வாய்ப்பு. இரண்டு பதிப்புக்கும் இந்த இடத்தில் விளைவு மயிரிழை அளவும் மாறவில்லை. ஆனாலும் தாக்கோவைக் காத்து நின்றவர்களும் அதைக் கேலி செய்தவர்களும் கால் நூற்றாண்டாக ஓயவில்லை. கணக்குக்காக நடந்த சண்டையாக இருந்தால் என்றோ முடிந்திருக்கும். மூன்றாம் பதிப்பு விதியை முழுவதும் வெளிச்சத்தில் வைத்தது. எதைச் செய்தால் என்ன எண் வேண்டும் என்பது ஆட்டக்காரர் கையிலுள்ள நூலிலேயே அச்சாகியிருந்தது. “நூலில் இப்படி இருக்கிறதே” என்று டி.எம்.மை நிறுத்திக் கேட்கும் உரிமை பிறந்தது. பழையவர்களுக்கு வலித்தது அந்த இடம். புதியவர்களுக்கு இனித்ததும் அதுதான்.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் நடந்த ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். டி.எம். ஒரு பெண். ஆட்டக்காரர்களில் மூத்தவர் நாற்பதைத் தாண்டியவர், பாலிடெக்னிக் காலத்தில் மூன்றாம் பதிப்பில் பழகியவர். இளையவன் தேசிய சேவையை அண்மையில் முடித்தவன். கத்தியோடு நிற்கும் கொள்ளைக்காரனை அவனுடைய பாத்திரம் கட்டிப்பிடித்து மடக்கப் பார்க்கிறது.

“முதல்ல அவன் உன்னைக் குத்துவான். குத்துப் பட்டா உன் பிடி போச்சு. படலைன்னா தொடுறதுக்கு ஒரு ரோல், அப்புறம் ரெண்டு பேரும் ரோல்.”

“அண்ணே, நீங்க சொல்றது த்ரீ பாயின்ட் ஃபைவ். நாம ஆடுறது ஃபைவ். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ரோல், அவ்வளவுதான்.”

“அதெப்படிடா? அவன் கையில கத்தி இருக்கு, சும்மா நிப்பானா?”

இருவரும் சொன்னது அவரவர் பதிப்பின்படி சரி. 2003-இல் திருத்திய மூன்றாம் பதிப்பில் மடக்கிப் பிடிப்பது அத்தனை படிகள் கொண்டது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் இருவரும் உருட்டிப் பார்த்தால் முடிந்தது. டி.எம். இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, கொள்ளைக்காரன் ஒரு முறை குத்தட்டும், பட்டாலும் பிடி விடாது, பிறகு ஆளுக்கு ஒரு ரோல் என்றார். எந்த நூலிலும் இல்லாத விதி. அந்த இரவு முழுவதும் அதுவே செல்லுபடியானது. மூத்தவரின் கேள்வி வெறும் பழக்கதோஷம் இல்லை என்பதை டி.எம். உணர்ந்திருந்தார். உலகம் நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், ஆட்டம் ஓட வேண்டும் என்று மற்றவர் கேட்கிறார். பதிப்புச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு நியாயங்களுக்கு இடையேதான் நடக்கின்றன.

மிகக் கடுமையான போர் 2008-இல் வந்தது. டி.எஸ்.ஆரை 1997-இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியிருந்தது. அந்த நிறுவனத்தை 1999-இல் ஹாஸ்பிரோ வாங்கியது. 2008 ஜூனில் வெளிவந்த நான்காம் பதிப்பு பழைய நூல்களின் அடிமடியிலேயே கைவைத்தது. வாள்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. தூரம் அடியில் இல்லை, கட்டங்களில். முதல் நூலில் பாடகன் இல்லை, ட்ரூயிட் இல்லை, நோம் இனம் இல்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகின் காலத்தை ஏறத்தாழ நூறு ஆண்டு முன்னே தள்ளினார்கள். அதோடு பலர் பத்தாண்டுகளாக வளர்த்த கதைமாந்தர்கள் இறந்தகாலம் ஆனார்கள். கணினி விளையாட்டைக் காகிதத்தில் அச்சடித்துவிட்டார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள்.

அந்தப் பதிப்பை இன்று நிதானமாகப் படித்தால் அதன் நேர்மை தெரிகிறது. மூன்றாம் பதிப்பில் மந்திரவாதி ஒரு கட்டத்துக்குமேல் எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பான். வாள்வீரனை எடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். மேசையில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும் என்று நான்காம் பதிப்பு கவலைப்பட்டது. அந்தக் கவலை நியாயமானது. கலந்து பேசாமல், பழையதை ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு வந்ததுதான் அது செய்த பிழை.

எதிர்ப்பு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. மூன்றாம் பதிப்பு வந்தபோது அதன் அடிப்படை விதிகளை ஓ.ஜி.எல். என்ற திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நூலில் சேர்க்கலாம், விற்கலாம். விசர்ட்ஸின் டிராகன், டன்ஜன் இதழ்களை நடத்திவந்து 2007-இல் அந்த உரிமையை இழந்த பைசோ நிறுவனம், இதே உரிமத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் பதிப்பைச் செப்பனிட்டு 2009-இல் பாத்ஃபைண்டர் என்று கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2006-இல் வேறொரு குழுவினர் அதே உரிமத்தைப் பயன்படுத்தி, அச்சில் இல்லாமல் போயிருந்த 1979 விதிகளை ஆஸ்ரிக் என்ற பெயரில் மீட்டிருந்தார்கள். பதிப்பின்மேல் உயிரை வைத்தவர்கள் இல்லையென்றால் இந்த மீட்பு நடந்திருக்காது. 2014-இன் ஐந்தாம் பதிப்பு ஈராண்டு பொதுச் சோதனைக்குப் பிறகு வந்ததும், டி.எம்.மின் தீர்ப்புக்கு மறுபடி இடம் விட்டதும் 2008-இன் காயத்தால்தான்.

சிங்கப்பூரில் இந்த வரிசை இதே ஒழுங்கில் வந்துசேரவில்லை. இங்கே நூல்கள் எல்லாமே இறக்குமதி. எந்தப் பதிப்பு கைக்குக் கிடைத்ததோ அதுவே அந்தக் குழுவின் பதிப்பு ஆனது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் 1980 முதல் புத்தகக் கடைகளின் இடம். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை அடுத்தவர் வீட்டிலிருந்து வந்த பொருள்கள் தரையில் விரிந்து கிடந்த இடம். கடையில் புதிது வாங்க வசதியில்லாத மாணவனுக்கு முந்தைய தலைமுறையின் பதிப்பே முதல் பதிப்பு.

நூலைவிடப் பெரிய வாயில் ஒன்றும் இருந்தது. ரோச்சோர் கால்வாயின் மறுகரையில் இருக்கும் சிம் லிம் சதுக்கத்துக்குக் கணினி வாங்கவும் விளையாட்டு வாங்கவும் போகாத இளைஞர்கள் தொண்ணூறுகளில் குறைவு. 1998-இன் பால்டர்ஸ் கேட் இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடியது. தாக்கோ என்ற சொல்லைப் பலர் முதலில் பார்த்தது புத்தகத்தில் இல்லை, அதன் திரையில். 2002-இன் நெவர்விண்டர் நைட்ஸ் மூன்றாம் பதிப்பு. 2023-இன் பால்டர்ஸ் கேட் 3 ஐந்தாம் பதிப்பு. இங்கே ஒருவர் எந்தப் பதிப்பைத் தன்னுடையதாகக் கருதுகிறார் என்று கேட்டால், அவர் பதினைந்து வயதில் என்ன கணினி வைத்திருந்தார் என்று பாதி விடை கிடைத்துவிடும். பிரின்செப் தெருவில் மைண்ட் கஃபே போன்ற பலகை விளையாட்டுக் கஃபேக்கள் வந்தபின் வீட்டில் இடமில்லாதவர்களும் கூடி ஆட வழி பிறந்தது. ஜோ டான் எழுதி செக்பாயிண்ட் தியேட்டர் தயாரித்த ‘செஷன் ஸீரோ’ என்ற நாடகம் ஒரு தம்பதியின் உறவை இந்த ஆட்டத்தின் வழியே பேசும் அளவுக்கு இது இங்குள்ள பண்பாட்டில் ஊன்றிவிட்டது.

அமெரிக்க வாதங்களில் நான் பார்க்காத ஒரு பதிப்பு வேறுபாடு இருக்கிறது. தமிழருக்கு அது முக்கியம்.

1980-இல் டி.எஸ்.ஆர். ‘டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற நூலை வெளியிட்டது. உலகின் தொன்மங்களிலிருந்து தெய்வங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கவச எண், எத்தனை அடி தாங்கும் என்ற எண், தாக்குதல் முறை எல்லாம் குறித்த நூல். இரசிகர்கள் இதைப் பற்றி நிறையவே பேசுகிறார்கள். முதல் அச்சுகளில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் க்துல்ஹு பகுதியும் எழுத்தாளர் மூர்காக்கின் மெல்னிபோனே பகுதியும் இருந்தன. உரிமைச் சிக்கலால் பின்னால் நீக்கப்பட்டன. 144 பக்கம் 128 ஆனது. 144 பக்கப் பிரதிக்கு இன்றும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். அதே நூலில் இந்தியத் தெய்வங்களின் பகுதியும் இருக்கிறது: இந்திரன், அக்னி, விஷ்ணு, இலட்சுமி, யமன், காளி, கார்த்திகேயன்.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தன்று அதே சாலையின் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை காவடி போகிறது. அந்தச் சாலையில் வளர்ந்த ஒருவர் காளியும் முருகனும் எத்தனை அடிக்குச் சாவார்கள் என்று அச்சிட்ட பக்கத்தைத் திறக்கும்போது என்ன நினைப்பார்? எண் தரப்பட்ட எதையும் கொல்லலாம் என்பது இந்த ஆட்டத்தின் உள்தர்க்கம். பல குழுக்கள் தெய்வங்களை வேட்டையாடவும் செய்தன. 1976-இல் வந்த இதன் முந்தைய நூலின் முன்னுரையே, பாத்திரங்களின் வலிமையை அளவுகடந்து ஏற்றிவிட்ட மேசைகளின் அபத்தத்தைக் காட்டத்தான் இதை வெளியிடுகிறோம் என்ற பொருளில் பேசியது. நோக்கம் எதுவானாலும், வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தையும் வழிபடுவோர் பெரும்பாலும் மறைந்துபோன தெய்வத்தையும் ஒரே தட்டில் வைத்தது தவறு. எனக்கு அதில் ஐயமில்லை.

மூன்றாம் பதிப்பும் ஐந்தாம் பதிப்பும் இந்தத் தவறை வேறு விதமாகத் தீர்த்தன: நம்மை எடுத்துவிட்டார்கள். 2002-இல் அதே பெயரில் வந்த மூன்றாம் பதிப்பு நூலில் கிரேக்க, எகிப்திய, வடதிசைத் தெய்வங்கள் இருந்தன, இந்தியப் பகுதி இல்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பு ஆட்டக்காரர் நூலின் பின்னிணைப்பில் கெல்டிக், கிரேக்க, எகிப்திய, நார்ஸ் தெய்வங்கள் இருந்தன, இந்தியத் தெய்வங்கள் இல்லை. புண்படுத்தாமல் இருக்க நினைத்திருக்கலாம், அக்கறை இல்லாமலும் இருந்திருக்கலாம். விளைவு, நடுமேசையில் கிடக்கும் நூலில் நாம் காணப்படவில்லை. 2022-இல் அஜித் ஜார்ஜ் முன்னின்று உருவாக்கிய ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்’ நூலில் நிலை மாறுவது தெரிந்தது. அதில் மிமி மண்டல் எழுதிய வங்கச் சாயல் கொண்ட கதை நமக்குப் பக்கத்து வீடு. தமிழ் நிலம் இன்னும் வரவில்லை. மலேசியாவில் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து தென்கிழக்காசியத் தீவுகளை ‘எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற சிற்றேடுகளாகக் கொண்டுவந்தபோது பெரிய நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

மொழி இன்னும் பெரிய கேள்வி. ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். 1983-இன் பேசிக் சிவப்புப் பெட்டி 1985-இல் ஜப்பானிய மொழியில் வந்தது. மறு ஆண்டே க்ரூப் எஸ்.என்.இ. என்ற குழு தாங்கள் ஆடிய ஆட்டத்தை உரையாடலாகவே எழுதி காம்ப்டிக் இதழில் தொடராக வெளியிட்டது. ரெகார்ட் ஆஃப் லோடாஸ் வார் என்ற புகழ்பெற்ற நாவல் வரிசையும் அனிமேயும் அதிலிருந்து வளர்ந்தவை. 1989-இல் அதே குழு ஸ்வார்ட் வேர்ல்ட் என்ற சொந்த விளையாட்டையே உருவாக்கிவிட்டது. தாய்மொழியில் ஒரு சிறு பெட்டி கிடைத்த நாலே ஆண்டில் நடந்த வளர்ச்சி இது. அட்வான்ஸ்டு உயர்ந்ததா பேசிக் உயர்ந்ததா என்று அமெரிக்கர்கள் மல்லுக்கு நின்ற காலத்தில், ஜப்பானியர் தங்கள் மொழியில் கிடைத்ததைக் கொண்டு ஒரு இலக்கிய வகையையே எழுப்பிக்கொண்டார்கள்.

தமிழில் அதிகாரபூர்வமான டி அண்ட் டி எந்தப் பதிப்பிலும் இல்லை. தமிழ் பேசும் மேசைகளில்கூட ஆட்டம் ஆங்கிலத்தில்தான் போகிறது. கோபம் வந்தால், சிரிப்பு வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. இளையவர்கள் விரும்பிச் செய்யும் காரியங்களுக்குள் மொழி நுழையாவிட்டால் இந்த எண் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் அறிவோம். ஒரு மாலை முழுவதும் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்து, ஒரு காட்டை, ஒரு கோட்டையை, ஒரு துரோகியைச் சொல்லால் மட்டுமே உண்டாக்கும் விளையாட்டு இது. பேச்சுமொழிக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை.

உரிமை பறிபோகலாம் என்ற தயக்கம் இருந்திருக்கலாம். அதுவும் இப்போது இல்லை, அதற்கும் இரசிகர்களின் சண்டைதான் காரணம். 2023 ஜனவரி 5-ஆம் தேதி, பழைய திறந்த உரிமத்துக்குப் பதிலாக விசர்ட்ஸ் கொண்டுவர இருந்த புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை உரிமத்தொகை. 50,000 டாலரைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். பழைய உரிமம் இனிச் செல்லாது. ஐம்பதாண்டுப் பகையை ஒதுக்கிவிட்டு எல்லாப் பதிப்பாரும் ஒன்று திரண்டார்கள். 1981 நூலை விடாதவர், பாத்ஃபைண்டர் ஆடுபவர், ஐந்தாம் பதிப்பில் தொடங்கிய பதினெட்டு வயதுக்காரர் எல்லோருக்கும் அடி விழுந்தது ஒரே இடத்தில். இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். மூன்றே வாரத்தில், ஜனவரி 27-ஆம் தேதி, நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாத உரிமம் அது. அதே ஆண்டு பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிஷ் மொழிகளிலும் அந்த ஆவணம் வந்தது. 2024-இல் திருத்திய விதிகளும் 2025 ஏப்ரலில் எஸ்.ஆர்.டி. 5.2 என்று அதே முறையில் வெளிவந்தன.

ஆகவே எந்தப் பதிப்பு நல்லது என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் மேசையில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளும் பதிப்பு நல்லது, சட்டப்படி தமிழில் எழுதக்கூடிய பதிப்பு அதைவிட நல்லது. எஸ்.ஆர்.டி. 5.1-இன் நானூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1981-இன் பேசிக் நூல் 64 பக்கம்தான், முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமே விதி சொன்னது, ஒரு தலைமுறையை உருவாக்க அதுவே போதுமானதாக இருந்தது. பாத்திரம் உருவாக்குவது, பகடை உருட்டுவது, சண்டை, பத்து மந்திரம், இருபது எதிரிகள்: இவ்வளவு இருந்தால் ஒரு தமிழ் நூல் நிற்கும். இங்கே வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்துகிறது. பேச்சுப்போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் இருக்கும் அந்த விழாவில் ஐந்து மேசை போட்டு, ஐந்து டி.எம்.களை உட்காரவைத்து, வரும் மாணவர்களைத் தமிழில் ஆட வைக்க எந்தத் தடையும் இல்லை. இந்த விளையாட்டை ஆடத் தெரிந்த தமிழர்களே, உங்கள் பதிப்பு எதுவானாலும் சரி, அடுத்த ஏப்ரலுக்குள் அந்த முதல் 64 பக்கத்தை எழுதுங்கள். எந்த விதியை எந்தப் பதிப்பிலிருந்து எடுப்பது என்று நமக்குள் சண்டை வரும். அதைத் தமிழில் போட்டுக்கொள்வோம்.